ஆறாவது நாற்காலி

அந்தக் கம்பெனியின் கட்டடத்துக்குள் நுழைந்தவர்களைவிட அதிலிருந்து வெளியே போனவர்களின் எண்ணிக்கை எப்போதுமே அதிகம். வாசல் காவலர் இருபத்தாறு வருடமாக எழுதிவரும் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். முதல் வருடம் வித்தியாசம் நாற்பத்தொரு பேர். பத்தாம் வருடம் மூவாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் அவர் வந்தவர் பக்கத்தையும் போனவர் பக்கத்தையும் கூட்டிப் பார்த்து, மிஞ்சுகிற எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் 'நாற்காலி வழி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். தணிக்கைக்கு வந்தவர்கள் யாரும் இதற்கு இதுவரை மறுப்புச் சொன்னதில்லை.

நாற்காலி வழியாக முதலில் வந்தவள் ரசீதக்கா. அப்போது கம்பெனிக்கு வயது மூன்று மாதம். சைக்கிள் கடை மாடியில் ஒரே அறை, ஒரு மேசை, எட்டு டெலிபோன் லைன், படிப்பு முடித்த கையோடு தொழில் தொடங்கிய ஐந்து பேர். நாற்காலி மட்டும் ஆறு. அரை டஜனைப் பிரித்துத் தரமாட்டேன் என்று கடைக்காரர் அடம்பிடித்ததால் கூடவே வந்து சேர்ந்த ஆறாவது அது. அவர்கள் செய்த காரியம் எளிமையானது. மாத்திரை சாப்பிட வேண்டிய நேரத்துக்கு உங்கள் டெலிபோன் அடிக்கும். எடுத்தால் ஒரு குரல் நினைவுபடுத்தும். மாத்திரையைப் போட்டுக்கொண்டதும் ஒன்றாம் எண்ணை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் ஐந்து நிமிடம் விட்டு மறுபடி அடிக்கும், அதற்கும் அமுக்காவிட்டால் மூன்றாவது தடவை அடிக்கும். ஆட்கள் பெருகப் பெருக எட்டு லைனும் திணறியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, மூன்றை இரண்டாகக் குறைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. ஐவரில் மூத்தவர், பின்னாளில் முதல் தலைவரானவர், இரண்டு தடவை எடுக்காதவன் மூன்றாவது தடவையும் எடுக்கப்போவதில்லை, இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று சொல்லி வாயை மூடவில்லை, ஆறாவது நாற்காலியில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் லாரி ஆபீஸ் ரசீதுப் புத்தகம், கையில் பேனா. புத்தகத்தில் ஒரு ஏழு பாதி எழுதியபடி மை காயாமல் இருந்தது.

அவள் கத்தவில்லை, மயங்கியும் விழவில்லை. பொதுவாகவே எதற்கும் லேசில் அசைந்துகொடுக்காத ரகம். முதலில் அந்த ஏழாம் எண்ணை எழுதி முடித்தாள். அப்புறம் நிமிர்ந்து, மூன்றாவது அழைப்பை நிறுத்தலாம் என்று சொன்னது யார் என்று கேட்டாள். மூத்தவர் தன்னையறியாமல் கையைத் தூக்கினார். அவளுக்கு ஒரே தம்பி. லாரி மெக்கானிக். பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. தாய் இறந்த பிறகு அவனுக்கு எல்லாமே அவள்தான், ஆனால் அவள் வேலை பார்த்தது ஊரின் ஒரு கோடியில், அவனுடைய ஷெட் இருந்தது மறுகோடியில். ஒரு தடவை மாத்திரையை மறந்து, வண்டிக்கு அடியில் இருக்கும்போதே வலிப்பு வந்து, ஜாக்கி நழுவி, நூலிழையில் பிழைத்தான். அதற்கு மறுநாள்தான் அவள் அவனுடைய ஷெட் நம்பரை இந்தக் கம்பெனியில் பதிந்திருந்தாள்.

"முதல் தடவை அடிக்கும்போது அவன் வண்டிக்கு அடியில இருப்பான். ரெண்டாவது தடவை வெளிய வந்துட்டு இருப்பான். மூணாவது தடவைதான் கையத் தொடச்சிட்டு எடுப்பான். ரெண்டோட நிறுத்திட்டீங்கன்னா என் தம்பி என்ன ஆவான்?"

அன்று மத்தியானம் ஐந்து பேரும் முதல் முறையாகத் தங்கள் சொந்தப் பதிவுகளையே எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றை அமுக்கியவர்களில் பத்துக்கு நாலு பேர் மூன்றாவது அழைப்பில்தான் அமுக்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் குளித்துக்கொண்டிருப்பவர், ஒருவர் மாடியிலிருந்து இறங்குபவர், ஒருவர் டெலிபோன் எங்கே என்று தடவித் தேடுபவர். மூன்றாவது அழைப்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று ஏகமனதாக முடிவானது. லைன்களைத்தான் எட்டிலிருந்து பதினாறாக்கினார்கள். நாற்காலிக்கு ஆளைக் கொண்டுவரத்தான் தெரியும், திருப்பி அனுப்பத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. மூத்தவர் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். படியில் இறங்கும்போதே அவள், இவ்வளவு தூரம் வந்ததுதான் வந்தாச்சு, இங்கே ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டாள். மறுநாள் படியேறி வந்து சேர்ந்தாள். அதனால் அவளுடைய ஏட்டில் வருகையைவிடப் புறப்பாடு எப்போதும் ஒன்று கூடுதல். ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் ஆள்சேர்ப்புப் பிரிவு இதைக் கண்டுபிடித்து விளக்கம் கேட்கும், அவளும் சலிக்காமல் எழுதிக் கொடுப்பாள்.

முதல் வாரத்திலேயே அவள் செய்த இன்னொரு வேலை குரல் கொடுத்தது. அதுவரை ஐவரில் ஒருவருடைய குரலைத்தான் பதிந்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்டவர்கள் போலீஸ் கூப்பிடுகிறது என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார்கள். ரசீதக்கா ஒலிவாங்கியின் முன் நின்று, தம்பியிடம் சொல்வதைப் போலவே, கெஞ்சாமலும் அதட்டாமலும் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "மாத்திரை நேரம். போட்டாச்சுன்னா ஒன்னை அமுக்குங்க." திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் குரல்தான் கூப்பிடுகிறது.

அதன் பிறகு நாற்காலி சும்மா இருக்கவில்லை. கூட்டத்தில் ஒரு முடிவை எடுக்கப்போகிறபோது, அந்த முடிவால் யாருக்கு அடி பலமாக விழுமோ அவர் வந்து உட்கார்ந்தார், இருந்த கோலத்திலேயே. முகத்தில் பாதி சோப்போடு ஒருவர் வந்தார். தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே ஒரு நர்ஸ் வந்தாள். திரையில் எழுத்தைச் சின்னதாக்கிவிடலாமா என்று பேசிய அன்று, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த ஒரு தையல்காரர் வந்து, மூன்று நிமிடம் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நூலைக் கோத்து முடித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். கடல் தாண்டியும் ஆட்கள் வரத் தொடங்கியபோது அரசாங்கத்தோடு கொஞ்ச நாள் இழுபறி இருந்தது. கடைசியில் ஒரு படிவம் வந்தது. அதில் 'வந்த வழி' என்ற இடத்தில் நாற்காலி என்று எழுதினால் போதும், கேள்வி கேட்கமாட்டார்கள்.

கம்பெனி வளர்ந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. சைக்கிள் கடை மாடி போய் மூன்று மாடி வந்தது, மூன்று மாடி போய் ஒன்பது மாடி வந்தது. கடிதம், வரைபடம், கைபேசி, ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள், ரயில் நிலையங்களுக்கான மென்பொருள் என்று கம்பெனி கைவைக்காத துறை இல்லை. போட்டிக் கம்பெனிகள் ஆளனுப்பி வேவு பார்த்தன. வேவு பார்க்க வந்தவர்கள் ஒவ்வொரு அறையிலும் நாற்காலி ஒன்று கூடுதலாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் கம்பெனியிலும் ஒன்று கூடுதலாகப் போட்டார்கள். ஒருவரும் வரவில்லை. எந்த நாற்காலியானாலும் சரிதான், ஆனால் இதில் யார் வந்து உட்கார்ந்து என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வோம் என்று மனசார நினைத்துப் போட வேண்டும். அதை வேவு பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எல்லோருக்கும் ரசீதக்காதான் பாடம் எடுத்தாள். வந்தவரைக் கண்டு அலறக்கூடாது. முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஈரத்தோடு வந்தால் துண்டு. பிறகு ஒரே கேள்வி, இது உங்களுக்குச் சரிப்படுமா என்பது. வந்தவர் பேசும்போது குறுக்கே பேசுபவர் அந்த வாரம் முழுக்க மற்றவர்களுக்கு டீ எடுத்து வர வேண்டும். பன்னிரண்டாம் வருடம் நாற்காலிப் பிரிவு என்றே தனிப் பிரிவு ஏற்பட்டு, பதினாலு பேரும், மூன்று அளவுகளில் சட்டைகளும், ஒரு அலமாரி நிறையச் செருப்புகளும், பதினோரு வண்டிகளும் அவள் பொறுப்பில் இருந்தன.

இருபதாம் வருடம் மூத்தவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். வெளியிலிருந்து புதிய தலைவர் வந்தார். கெட்டவர் இல்லை. காலை ஏழரைக்கே வந்துவிடுவார், கடைநிலை ஊழியருக்கும் முதலில் வணக்கம் சொல்வார், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எதைச் சொன்னாலும் அது நூற்றுக்கு எத்தனை என்று கேட்பார், அவ்வளவுதான். ஒரே மாதத்தில் கட்டடம் முழுக்க அவருக்குச் சதவீதம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாற்காலியை அகற்றச் சொல்லி அவர் ஒருபோதும் உத்தரவு போடவில்லை. தன் தோல்பையை வைக்க இடமில்லாமல் ஒரு நாள் அதன்மேல் வைத்தார். பை இருந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. அன்றைய கூட்டம் இருபது நிமிடம் முன்னதாக முடிந்தது. அடுத்த வாரம் ஒன்பது மாடியிலும் கூடுதல் நாற்காலிகள் மேல் பைகள் இருந்தன. அதற்கடுத்த வருடம், நின்றுகொண்டே பேசினால் கூட்டம் சீக்கிரம் முடிகிறது என்று எங்கோ படித்துவிட்டு வந்து, நிர்வாகக் குழுவைத் தவிர மற்ற எல்லோரும் நின்றபடியே கூட்டம் நடத்தலாம் என்றார். நிர்வாகக் குழுவில் இருந்த ஏழு பேருக்கும் முழங்கால் வலி.

நின்றுகொண்டே எடுத்த முடிவுகளில் ஒன்றுதான் கன்னத்துப் போன். அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானைக் காதுக்குக் கீழே, கன்னம் படுகிற இடத்தில் வைத்து ஒரு கைபேசியை வெளியிட்டார்கள். சதைப்பிடிப்பான கன்னம் உள்ளவர்கள் யாராலும் அதில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. சம்மதமா இல்லையா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்த கல்யாணப் பேச்சுகள் பாதியில் நின்றன. அந்தக் கூட்டத்தில் நாற்காலி இருந்திருந்தால் குண்டுக் கன்னத்தோடு ஒருவர் வந்திருப்பார், ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும் என்று ரசீதக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. நாற்காலிப் பிரிவை வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்கு மாற்றி, பதினாலு பேரையும் வேறு பிரிவுகளுக்கு அனுப்பி, அவளுக்கு மட்டும் மரபு ஆலோசகர் என்று ஒரு பதவி கொடுத்திருந்தார்கள். ஆலோசனை கேட்டு ஒருவரும் வரவில்லை. சட்டைகளை மாதம் ஒருமுறை வெயிலில் உலர்த்தி, மடித்து, திரும்ப அடுக்கி வைத்தாள். மனசு வலித்தது. ஆனாலும் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை.

இருபத்து மூன்றாம் வருடம், ஒரு புதன்கிழமை, ஒலிப்பதிவுப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் பணிவோடு வந்து ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, நேரம் இருக்கும்போது வந்து இதைப் படித்துத் தரும்படி கேட்டுக்கொண்டாள். வாடிக்கையாளர்களுக்குப் பழகிய குரல் என்பதால் அக்காவே படித்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னாள். காகிதத்தில் மூன்று வரி இருந்தது. பொத்தான் போன்களுக்கு வரும் நினைவூட்டல் அழைப்புகள் அடுத்த மாதம் முதல் தேதியோடு நிறுத்தப்படுகின்றன. இனி இந்தச் சேவை தொடுதிரைக் கைபேசியில் மட்டுமே கிடைக்கும். இத்தனை வருட ஆதரவுக்கு நன்றி.

ரசீதக்கா அதை இரண்டு தடவை படித்தாள். தம்பியின் விரல்களை அவளுக்குத் தெரியும். முப்பது வருட கிரீஸும் ஸ்பேனரும் சேர்ந்து ரேகையெல்லாம் தேய்ந்து, தொடுதிரை எதுவும் அந்த விரல்களை விரலாகவே மதிப்பதில்லை. மூன்று போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டாள். மூன்றையும் அவன் மரியாதையாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சட்டைப்பையில் பழைய பொத்தான் போனோடுதான் திரிந்தான். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறியதில்லை, ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை. கல்யாணம் ஆகி, சொந்தமாக ஷெட் போட்டு, வண்டிகளுக்கு அடியில் நிம்மதியாகப் படுத்து வேலை பார்த்தான். இனி உன்னைக் கூப்பிட மாட்டேன் என்று அவனிடம் அவள் குரலே சொல்ல வேண்டும், அதுதான் அந்தக் காகிதம். அவளுக்குக் கோபம் வந்தது. வருடக்கணக்கில் பூட்டிவைத்திருந்த கோபம், அதனால் சத்தமில்லாமல் வந்தது. முடிவெடுத்தது யார் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். நாளை மத்தியானம் இரண்டரைக்கு நிர்வாகக் குழுவில் கையெழுத்தாகிறது என்றாள் அவள்.

மறுநாள் ரசீதக்கா காகிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஒன்பதாம் மாடிக்குப் போனாள். படிக்க வேண்டிய வாசகத்தில் ஒரு திருத்தம் கேட்க வேண்டும் என்று சொன்னதால் உள்ளே விட்டார்கள். நீள மேசையைச் சுற்றி ஏழு பேர், தலைமாட்டில் சதவீதம். சைக்கிள் கடை மாடிக் காலத்து ஆறாவது நாற்காலியை மரியாதைக்காக அந்த அறையில்தான் வைத்திருந்தார்கள். அதன்மேல் அவருடைய தோல்பை இருந்தது. வேறு இடம் எதுவும் காலியாக இல்லை. வயதில் மூத்த ஒரு பெண்மணி நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை. நல்ல வளர்ப்பு. தாமே எழுந்து போய்ப் பையைத் தூக்கித் தரையில் வைத்து, கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டி, "உக்காருங்க மேடம், நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறோம்" என்றார்.

அவள் உட்காரவில்லை. "நீங்க பேசிட்டு இருந்தத முடிச்சிடுங்க சார். நான் நின்னுக்கிறேன்" என்றாள்.

கம்பெனியில் நிற்பது புதிதல்ல என்பதால் அவரும் வற்புறுத்தவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நினைவூட்டல் பிரிவின் முப்பத்தேழு லட்சம் வாடிக்கையாளர்களில் பொத்தான் போன் வைத்திருப்பவர்கள் வெறும் புள்ளி மூன்று சதவீதம், பழைய எந்திரங்களைக் கட்டிக்காக்க ஒரு மாடியே அடைபட்டுக் கிடக்கிறது, முதல் தேதியோடு நிறுத்திவிடலாம் என்றார். அந்த வாக்கியம் முடிந்த நொடியில் ஆறாவது நாற்காலியில் ரசீதக்காவின் தம்பி உட்கார்ந்திருந்தான். வலது கையில் ஸ்பேனர், நெற்றியில் கறுப்பு எண்ணெய். அதே நாற்காலியில் ஒரு கிரேன் டிரைவரும் உட்கார்ந்திருந்தார். கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாவும், வலையோடு ஒரு மீனவரும், ஒரு கையை நீட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த போக்குவரத்துக் காவலரும், சவரக்கத்தியோடு, ஆனால் வாடிக்கையாளர் இல்லாமல், ஒரு நாவிதரும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக அடி யாருக்குப் பலமோ அந்த ஒருவரைத்தான் நாற்காலி கொண்டுவரும். இந்தத் தடவை அடி எல்லோருக்கும் ஒரே அளவு என்பதால் அதனால் ஒருவரைப் பொறுக்க முடியவில்லை, எல்லோரையும் கொண்டுவந்துவிட்டது. பதினோராயிரத்து இருநூற்று ஆறு பேர். யாரும் யார் மடியிலும் இல்லை, யாரும் யாரையும் இடிக்கவும் இல்லை. நாற்காலியும் ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை. எவரைப் பார்க்க நினைத்தாலும் அவர் தெளிவாகத் தெரிந்தார். குழுவில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிப் பார்த்தார்.

சதவீதத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "யாரு இவங்கல்லாம்?" என்றார்.

"நீங்க சொன்ன புள்ளி மூணு சதவீதம் சார்" என்றாள் ரசீதக்கா.

அப்போது மணி மூன்று. பதினோராயிரத்து இருநூற்று ஆறு பேரில் மூன்று மணிக்கு மாத்திரை உள்ளவர்கள் நாலாயிரத்துப் பன்னிரண்டு பேர். நாலாயிரத்துப் பன்னிரண்டு போன்களும் ஒரே நாற்காலியில் ஒரே நேரத்தில் அடித்தன. மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர்கள் தாமாகவே நகர்ந்தன. எல்லோரும் எடுத்துக் காதில் வைத்தார்கள். இருபத்தாறு வயது ரசீதக்காவின் குரல் அந்த அறையில் நாலாயிரத்துப் பன்னிரண்டு தடவை ஒரே சமயத்தில் சொன்னது. அறையில் இருந்தவர்கள் அதை இடி மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆனால் அவளுக்கு அப்படி இல்லை. ஒரு நாள் தவறாமல் இத்தனை வீடுகளுக்குள் தான் போய்வந்திருக்கிறோம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதற்காக வெட்கப்படவும் இல்லை. நாலாயிரத்துப் பன்னிரண்டு பேரும் சட்டைப்பையிலும் இடுப்பிலும் பர்ஸிலும் கைவிட்டு மாத்திரையை எடுத்து, மேசையில் இருந்த ஒரே ஜாடித் தண்ணீரில் விழுங்கினார்கள். ஜாடி பாதிதான் காலியானது. பிறகு எல்லோரும் ஒன்றை அமுக்கினார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில், கம்பெனியின் எல்லாச் சேவைகளுக்கும் எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள் என்பது சதா ஓடிக்கொண்டிருக்கும். அதில் பொத்தான் போன் என்ற கடைசி வரி துடித்துத் துடித்து மேலே ஏறி, முதல் வரியாக நின்றது. முதல் அழைப்பிலேயே நூற்றுக்கு நூறு. கம்பெனி சரித்திரத்தில் எந்தச் சேவையும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

சதவீதம் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ரசீதக்கா எடுத்த பாடத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார், பின்வரிசையில், மெயில் பார்த்துக்கொண்டு. எப்படியோ அது அவர் காதில் விழுந்துதான் இருந்தது. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நாற்காலிக்கு எதிரே போய் நின்று, "இது உங்களுக்குச் சரிப்படுமா?" என்று கேட்டார். பதினோராயிரத்து இருநூற்று ஆறு பேரும் இல்லை என்றார்கள். ஒன்பதாம் மாடியில் நாலு கண்ணாடி உடைந்தது. சதவீதம் கோப்பை மூடி, கையெழுத்துப் போட வைத்திருந்த பேனாவையும் மூடினார். முகத்தில் தோற்ற களை இல்லை. ரொம்ப நாளாகத் தேடிய சாவி சொந்தச் சட்டைப்பையிலேயே கிடைத்தவரைப் போல் இருந்தார்.

உட்கார்ந்திருக்கும்வரைதான் அவர்களுக்கு ஒரு நாற்காலி போதுமானதாக இருந்தது. எழுந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் நிற்கும் இடம் தேவைப்பட்டது. அதனால் வரிசையாக எழுந்தார்கள். முதல் ஆள் எழுந்தது மூன்றே காலுக்கு, கடைசி ஆள் எழுந்தது மறுநாள் காலை பத்தரைக்கு. படிக்கட்டு, நடை, வாகன நிறுத்தம், மொட்டை மாடி எல்லாம் நிரம்பின. அலமாரியில் மடித்து வைத்திருந்த சட்டைகளும் செருப்புகளும் அரை மணியில் தீர்ந்துபோயின. வேறு பிரிவுகளுக்குப் போயிருந்த பதினாலு பேரும் கூப்பிடாமலே கீழே இறங்கி வந்து, துண்டுகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பொறியாளர்கள் டீ எடுத்துக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுச் சும்மா போகாமல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, போன் எப்போது அடிக்கிறது, எங்கே வைத்திருப்பீர்கள், எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று விசாரித்தார்கள். கிரேன் டிரைவர், உயரத்தில் காற்றுச் சத்தத்தில் மணி கேட்பதில்லை, அது துடித்தால் தேவலை என்றார். மீனவர், உப்பு ஏறிப் பொத்தான் இறுகிவிடுகிறது என்றார். அன்று எழுதிக்கொண்ட குறிப்புகளிலிருந்து கம்பெனி அடுத்த பத்து வருடத்துக்குச் செய்ய வேண்டிய வேலை கிடைத்தது. வாசல் காவலர் சிவப்பு மைப் பேனா ஆறு வாங்கி வரச் சொன்னார்.

தம்பி மட்டும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இருபத்து மூணு வருஷமா இங்கதான் வர்றியா?" என்றான் அக்காவிடம். அவள் தலையசைத்தாள். "போன்ல உன் குரல் வயசாகவே இல்ல. நேர்ல பாத்தா நரைச்சிருக்கு" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன் எழுந்து, நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து, பதினோராயிரம் பேரைத் தாங்கியதில் ஆடிப்போயிருந்த ஒரு போல்ட்டை ஸ்பேனரால் முறுக்கிவிட்டு, அக்காவோடு படியிறங்கிப் போனான்.

அந்த மாதமே நின்றுகொண்டு நடத்தும் கூட்டங்கள் நின்றன. கட்டடம் முழுக்கப் பை மாட்ட ஆணி அடித்துக் கொடுத்தார்கள், முதல் ஆணியைச் சதவீதமே அடித்தார். பொத்தான் போன் சேவை மூன்று வருடத்தில் பதினோராயிரத்திலிருந்து அறுபது லட்சமானது. உயரத்தில் வேலை செய்பவர்களுக்குத் துடிக்கும் போனும், கடலுக்குப் போகிறவர்களுக்கு உப்பு ஏறாத போனும் வந்தன. கன்னத்துப் போனைச் செய்தவர்களே அவற்றையும் செய்தார்கள் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. நாற்காலிப் பிரிவு ஒன்பதாம் மாடிக்குப் போனது. ரசீதக்காவுக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று ஆள்சேர்ப்புப் பிரிவு கேட்டபோது, சதவீதம் அவள் பெயரை நூற்றுக்கு எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, ஓய்வு என்ற பேச்சையே விட்டுவிட்டார்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியின் கூட்டக் குறிப்பில் ஒரு விஷயம் தவறாமல் இடம்பெறுகிறது. நினைவூட்டல் அழைப்பின் குரலை மாற்றி வேறு குரல் வைப்பது பற்றி. முன்மொழிபவர் ரசீதக்கா. அவளே வாசிப்பாள். வாசித்து முடிக்கும்போது நாற்காலியில் தம்பி இருப்பான், அது சரிப்படாது என்று சொல்வான், குறிப்பில் கைவிடப்பட்டது என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு அக்காவும் தம்பியும் ஒன்பதாம் மாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இது எதற்காக என்று சதவீதம் உட்பட எல்லோருக்கும் தெரியும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு லாரி டிரைவர், பிரேக் வேலைக்கு விட்ட வண்டியை எடுத்துப்போக ஷெட்டுக்கு வந்திருந்தார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் விரித்த சாக்கும் எரிகிற விளக்கும்தான் இருந்தன, ஆளைக் காணோம். தம்பியின் மனைவி உள்ளேயிருந்து வந்து விளக்கை அணைத்தாள்.

"அவங்க அக்காவுக்குப் பாக்கணும்போல இருந்திருக்கும், கூப்பிட்டுட்டாங்க. நாலு மணி பஸ்ல வந்துடுவாரு, உக்காருங்கண்ணே" என்றாள்.

டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார்.